ஒரு அன்ரெனா, மூன்று ஸ்கானர்

மூன்று ஸ்கானரிலும் ஒரே ஆள் மூச்சு வாங்கினான்.

அன்புராசாவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு சானல். பல்கனியில் நின்ற ஒற்றை அன்ரெனாவின் வயரை, தானே ஈயம் பற்றவைத்துச் செய்த ஒரு பெட்டியில் மூன்றாகப் பிரித்து, மேசையிலிருந்த மூன்று ரேடியோ ஸ்கானருக்கும் கொடுத்திருந்தார். ஒன்றின் சத்தம் மற்றதில் கேட்கக் கூடாது. "என்ரை வேலையும் ஒரு வேலை," என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காம் மாடி. முழங்கால் ஒப்பரேசன் செய்து பத்து நாள். வோக்கரைப் பிடித்துத்தான் கழிப்பறைக்கே போகிறார். அதனால் எதிரே இருந்த வெயார்ஹவுசின் வோக்கி ரோக்கிகளை ஒட்டுக்கேட்பது பொழுதுபோக்காகிவிட்டது. மகள் கிறிஸ்ரினாவுக்கு அங்கேதான் வேலை. சனிக்கிழமைகளில் அவளும் ஷாமிலாவும் மிதுனனும், வாசலில் ஒரு செக்கியூரிற்றியும் மட்டும். மூவருக்கும் ஆளுக்கொரு பகுதி, ஆளுக்கொரு சானல்.

"அங்கிள், உங்கடை மகள் என்ரை றோல்ஸையும் திண்டிட்டாள். என்னெண்டு கேளுங்கோ!" என்று, அவர் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே, காலையில் ஷாமிலா தன் சானலில் சிரித்திருந்தாள்.

இப்போது மதியம் இரண்டு மணி. பனி பல்கனிக் கண்ணாடியில் மணல்போல் உரசிக்கொண்டிருக்க, ஹீற்றரில் கருகும் தூசியின் மணத்துக்கிடையே, அந்த மூச்சு ஈரமாக இழுத்து இழுத்து வந்தது. அதன் பின்னால் சீமெந்துத் தரையில் ஏதோ இரும்பு தேய்ந்தது.

"கோடாலி," என்றான் மிதுனன், முதலாவது ஸ்கானரில். "செக்கியூரிற்றி அங்கிளை வெட்டிப்போட்டான். தலை... ஐயோ கடவுளே."

அன்புராசா 911க்கு அடித்தார். பொலிஸ் புறப்பட்டுவிட்டது, பனியில் நேரமெடுக்கும் என்றாள் ஒரு பெண். மகள் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறாள் என்றும் கேட்டாள்.

மூன்றாவது ஸ்கானரில் கிறிஸ்ரினா ஏதோ கிசுகிசுத்தாள். ஒரே இரைச்சல். ஸ்கானருக்குக் காது மட்டும்தான், வாயில்லை; பலமாகச் சொல்லம்மா என்று அவரால் கேட்க முடியாது. அவளுடைய போனுக்கு அடித்தால் அவனுக்கும் கேட்டுவிடும். ஒன்றைக் கழற்றினால் மற்றவற்றுக்கு அன்ரெனாவின் பங்கு கூடும், சத்தம் தெளியும். முதலாவதின் வயரைத் திருகிக் கழற்றினார்.

இரண்டாவதில் ஷாமிலா வீரிட்டாள். "மிதுனன்! மிதுனனை வெட்டுறான்!"

தற்செயல், வேறென்ன? ஆனால் மூச்சு இப்போது பலமாகக் கேட்டது. கிறிஸ்ரினாவின் குரலும்தான்.

"அப்பா, கேக்கிறீங்களா? நான் பின்..."

பின்? எங்கே பிள்ளை? ஷாமிலாவின் வயரில் கை வைத்தார். இது பாவம் என்று மனம் சொன்னது. என்றாலும் பெற்ற மகள். கழற்றினார்.

மகளின் ஸ்கானரில், தூரத்தில், ஒரு பெண்ணின் அலறல். ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. அலறல் நின்ற பிறகும் வெட்டு நிற்கவில்லை.

பிறகு கிறிஸ்ரினா, பக்கத்துக் கதிரையில் இருப்பவள் மாதிரித் துல்லியமாக:

"பின் ஒபிஸிலை, மேசைக்குக் கீழை. அப்பா, இவ்வளவு நேரமும் அவன் மூண்டு பேரிட்டையும் மாறி மாறி வந்தவன். இப்ப நான் மட்டுந்தான். நேரை என்னட்டை வாறான்."

இடத்தைப் போனில் கத்தினார். "ஆறு நிமிசம்," என்றாள் அந்தப் பெண்.

கழற்றிய இரண்டு வயரையும் திரும்பப் பூட்டினார். வெறும் இரைச்சல். ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்! மூன்றாவதில் கதவு அதிர்ந்தது. பலகை பிளந்தது. அவள் அழவில்லை. மூச்சை அடக்கினாள்.

முதல் இரண்டு ஸ்கானரிலும் இரைச்சல் நின்றது.

"அங்கிள்," என்றான் மிதுனன். தொண்டையில் ஏதோ கொப்பளித்தது.

"அங்கிள்," என்றாள் ஷாமிலா, மரியாதையாக. "அவளின்ரையையும் கழட்டுங்கோ."

அவர் மூன்றாவது வயரின் முனையைக் கழன்றுவிடாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

அது அவருடைய விரல்களுக்குள் தானாகத் திரும்பியது. அரைச் சுற்று. தோல் உரிந்து இரத்தம் வழுக்கியது. அவர் விடவில்லை.

இன்னும் அரைச் சுற்று.