நூலால் அளந்த பிரீசர்

“மற்ற முனையை இறுக்கிப் பிடி புள்ள, தளர விடாத” என்று சொல்லிக்கொண்டே முபீன் இடுப்புவரை பிரீசருக்குள் குனிந்தான்.

சிபானா பிடித்தாள். வெள்ளை நூல். இரண்டு முனையிலும் முடிச்சு. பெட்டியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போன நூல், இடம் போதாமல் வளைந்து தொங்கியது. அவள் கணவன் நிமிர்ந்து, நெற்றி வியர்வையை முழங்கையால் வழித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான். கடைச் சுவரில் மணி பதினொன்றேகால். கல்முனையை முடக்கிப் பத்து நாளாகிறது. கடைகளுக்கு இரண்டு மணிவரைதான் அனுமதி. அதற்குள் ஒரு பிரீசரைத் தெரிந்தெடுத்து, லொறியில் ஏற்றி, வீட்டுக்குள் இறக்கியாக வேண்டும்.

கடைக்காரர் சசிகரன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“தம்பி, பிரீசர் வாங்க வாறவங்க லீட்டர் கேப்பாங்க. கரண்ட் எவ்வளவு இழுக்கும் எண்டு கேப்பாங்க. நூல் பிடிச்சு அளந்த முதல் ஆள் நீங்கதான்.”

“இறைச்சி வைக்கத்தான் அண்ணன். முடக்கம் எப்ப முடியுமோ தெரியாதே.”

“நீங்க அளக்கிற அளவுக்கு முழு மாடே படுத்து நித்திரை கொள்ளலாம்.” அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. “சரி, இதைப் பாருங்க. நிக்கிற மொடல். உள்ளுக்கு ஆறு தட்டு, எல்லாம் கழட்டலாம். வீட்டுல இடமும் பிடிக்காது.”

உயரமான அந்தக் கதவைச் சசிகரன் திறந்தபோது, அதே கதவைத் தன் வீட்டில் தான் திறப்பதும், உள்ளே நிமிர்ந்து நிற்பது தன் மேல் சாய்வதும் சிபானாவின் கண்ணுக்குள் வந்து போனது.

“நிக்கிறது வேணாம்” என்றாள், கேட்டு முடிக்குமுன்பே.

“அப்ப இது? கண்ணாடி மூடி. திறக்காமலே உள்ள என்ன கிடக்கு எண்டு பாக்கலாம்.”

“அதும் வேணாம்.”

கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நீளமான வெள்ளைப் பெட்டி ஒன்று கிடந்தது. ஒலுவில் துறைமுகத்து மீன் முதலாளி ஒருவர் சொல்லி வைத்துவிட்டு எடுக்காமல் போனதாம். முபீன் மீண்டும் குனிந்தான். இந்த முறை நூல் நேராக நின்றது. இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம்.

“பூட்டு இரிக்கா?”

“ஓம், வெளியால. ரெண்டு திறப்பு. முதல் நாள் கொஞ்சம் இரையும், பயப்படாதீங்க. இறக்கினதும் நாலு மணித்தியாலம் சும்மா விட்டுட்டு மறுகா கரண்ட் குடுங்க.”

முபீன் விலை பேசவில்லை. ஒரு வார்த்தை குறைக்கச் சொல்லவில்லை. அதில்தான் சசிகரனின் சிரிப்பு நின்றது. பில்லை எழுதிக்கொண்டே இருவரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

சிபானா நூலைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். அன்று விடியலில், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, அவளுடைய வாப்பா உதுமாலெவ்வையின் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை பிடித்து வெட்டிய நூல் அது. குழியின் நீளம் தெரிய, கபுறு வெட்டுகிறவர்களுக்கு மையவாடிக்குக் கொடுத்தனுப்பும் நூல். அந்த வருடம் அதைக் கொடுத்தனுப்ப வழி இருக்கவில்லை.

ஊரை முடக்கிய அந்தத் தொற்றுநோயில் மௌத்தானவர்களை, எந்த மதமானாலும், அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. வாப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாள், மூச்சு வாங்கிக்கொண்டே இருவரின் கையையும் சேர்த்துப் பிடித்தார். “என்ன நெருப்புக்கு மட்டும் குடுத்திராதீங்க மக்காள். சத்தியம் பண்ணுங்க.” பண்ணினார்கள். அதனால்தான் டொக்டரைக் கூப்பிடவில்லை. அம்புலன்சுக்கு அடிக்கவில்லை. பக்கத்து வளவுக்குக்கூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் விடியலில் இரைந்துகொண்டிருந்த மூச்சு நின்றது. முபீன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு “இன்னா லில்லாஹி” என்றான்.

இன்றைக்கோ நாளைக்கோ அடக்க விடுவார்கள் என்று ஊரெல்லாம் கதை. அதுவரை வைத்திருந்தால் போதும். விட்ட அன்றைக்குத்தான் மௌத்தானார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லொறிக்காரர்கள் பெட்டியை நடு அறைக்குள் இறக்கினார்கள். முபீன் அதைக் குறுக்கே, வடக்குத் தெற்காகப் போடச் சொன்னான்.

“இப்பிடி வச்சா கதவு இடிக்கும் காக்கா. சுவரோட திருப்பி விடுவமே.”

“இப்பிடியே இரிக்கட்டும்.”

தலை வடக்கே. வலப்பக்கம் சரித்தால் முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவுக்கு. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நாலு மணித்தியாலம் காத்திருக்க வெயில் விடவில்லை. தகரம்போல் காயும் அறை. அடுத்த அறைக் கட்டிலில் வாப்பா. கரண்ட் கொடுத்ததும் பெட்டி ஒருமுறை உதறி, அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. முபீன் தனியாகவே குளிப்பாட்டினான். திரைக்கு இந்தப் பக்கம் நின்று சிபானா வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இலந்தையிலை ஊறிய தண்ணீரின் பச்சை வாசம், கர்ப்பூரம், ஈரச் சீமெந்து, அதற்கு மேலே புதுப் பிளாஸ்டிக்கின் கசப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. கபன் துணி சுற்றி முடித்தபின் நெற்றியில் அத்தர் தடவக் குனிந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. கழுத்தடியில் விரல் பட்டது.

“இஞ்ச இன்னும் சூடு இரிக்கே.”

“காய்ச்சல்ட சூடு. போக நேரம் எடுக்கும்” என்றான் முபீன்.

இரண்டே பேராக ஜனாஸாத் தொழுதார்கள். நாலு நாள் காய்ச்சலில் வாப்பா ஒரு பிள்ளையின் பாரம்தான் இருந்தார். முபீன் தனியாகவே தூக்கி உள்ளே வலப்பக்கம் சரித்துக் கிடத்தி மூடியை இறக்கினான். பூட்டினான். ஒரு திறப்பை அலுமாரிக்குள் வைத்தான். மற்றதைத் தன் அரைநாணில் முடிந்துகொண்டான்.

அசர் பாங்கு சொன்னார்கள். வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பள்ளி ஒலிபெருக்கி வழக்கம்போல் முடித்தது. முபீன் அந்த அறையிலேயே நின்றுவிட்டான். சிபானா அடுத்த அறையில் பாய் விரித்தாள். தெருவில் சைக்கிள் மணிகூட இல்லை. தூரத்தில் கடல் மட்டும், யாரோ பெரிய துணியை இழுத்துக்கொண்டு போவதுபோல. அவள் சுஜூதுக்குப் போனாள். நெற்றி நிலத்தில் பட்டது.

அப்போது வந்தது.

காதுக்குள் வரவில்லை. நிலத்தின் வழியாக, சீமெந்துக்குள்ளால், நெற்றி எலும்புக்கு வந்தது. டக். கொஞ்சம் விட்டு, டக், டக்.

தொழுகையை எப்படி முடித்தாள் என்று தெரியாது. வாசலுக்குப் போய் நின்றபோது முபீன் பிரீசரின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, உடம்பின் பாரமெல்லாம் அதில் போட்டு, உரத்த குரலில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தான். முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள்.

“இஞ்சேருங்க. என்னமோ தட்டுது.”

ஓதுவது நின்றது. அவன் திரும்பவில்லை.

“மெஷின்.”

“மெஷின் இப்பிடித் தட்டுமா?”

“புதுசு. சசிகரன் அண்ணன் சொன்னாரே, இரையும் எண்டு.”

“உங்களுக்குக் கேக்கல்லயா?”

“எனக்கு ஒண்டும் கேக்கல்ல.”

“ஒருக்காத் திறந்து பாப்பம்.”

“திறந்தா குளிர் போயிரும். நீ போய் ஓது புள்ள. வாப்பாக்காக ஓது.”

மறுபடியும் ஓதத் தொடங்கினான், முன்னைவிட உரத்து. மஃரிபு பாங்குக்குக் கொஞ்சம் முந்தித்தான் நிலம் அமைதியானது.

அதன் பிறகு சிபானாவுக்கு ஒவ்வொரு சுஜூதிலும் அது கேட்டது. நெற்றியை வைத்தால் கேட்கும். எடுத்தால் நின்றுவிடும். ஐந்து நேரமும். மனசுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துக்கத்தில் இப்படி வருமாம். ஆனாலும் அவள் நிலத்தில் நெற்றி வைக்கும் நேரம் குறைந்துகொண்டே போனது. முபீன் அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை. சாப்பாட்டை முன் விறாந்தைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைப்பதும் நின்றுபோனது.

பன்னிரண்டாம் நாள் காலையில், சுகாதார ஆபீசிலிருந்து மிட்வைஃப் பூமணி வந்து படலையில் தட்டினாள். அந்த நாட்களில் கிளினிக் மருந்தை வீடு வீடாக அவள்தான் கொண்டுவந்தாள்.

“வாப்பாட பிரஷர் குளிசை. ஆளைக் கூப்பிடுங்க சிபானா, கையெழுத்து வைக்கணும்.”

“வாப்பா நிந்தவூருக்கு. ராத்தாட வீட்ட.”

“முடக்கத்துக்குள்ள எப்பிடிப் போனவர்?”

“அதுக்கு முந்தியே போயிட்டாரு மிஸ்.”

“ரெண்டு கிழமைக்கு முந்தி நான் வரக்குள்ள முன்னுக்கு இருந்து என்னோட பகிடி விட்டுக்கிட்டு இருந்தாரே. அப்பவும் முடக்கம்தானே.”

சிபானா குளிசைப் பையை வாங்கக் கையை நீட்டினாள். பூமணி உள்ளே வந்துவிட்டாள். திரை விலகிய கதவால் வெள்ளைப் பெட்டி தெரிந்தது.

“அடடே, பிரீசரா? நானும் ஒண்டு வாங்கத்தான் பாக்கிறன். நல்ல நீளம்.” கிட்டப் போய் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். “என்ன வச்சிருக்கீங்க? மாட்டிறைச்சியெண்டா எனக்குக் காட்டாதீங்க.” மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. “இறைச்சிக்குப் பூட்டுப் போட்ட வீட்டை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“திறப்பு அவர்ட்ட.”

பூமணியின் கை மூடியிலேயே இருந்தது. பெட்டி கிடக்கும் கோணத்தைப் பார்த்தாள். கதவை இடித்துக்கொண்டு குறுக்கே கிடப்பதைப் பார்த்தாள். மூலையில் அணைந்துகிடந்த சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தாள். முப்பது வருடம் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவள். மெல்லக் கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

“கையெழுத்தை நானே வச்சிர்றன்” என்றாள். குரல் மாறியிருந்தது. படலைவரை போய் நின்றாள். “மற்ற ஆபீசர்மார் வந்தா உள்ளுக்கு எடுக்காதீங்க பிள்ள. வாசல்லயே கதைச்சு அனுப்புங்க.”

அதற்கு இரண்டு நாள் கழித்து மூன்று மணித்தியாலம் கரண்ட் போனது. உறுமல் நின்ற வீட்டில் ஒரு சொட்டு நீர் எங்கோ விழுந்துகொண்டிருந்தது. சிபானா கதவடியில் குந்தியிருந்து, அந்தச் சொட்டுகளுக்கு நடுவில் வேறு ஏதாவது வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

இருபத்து மூன்றாம் நாள் பின்னேரம் செய்தி வந்தது. அடக்கலாம். எரிக்கத் தேவையில்லை. தெருவில் யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். படலைகள் திறந்து மூடும் சத்தம். சிபானா வாப்பா மௌத்தான பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். சத்தியம் நிறைவேறிவிட்டது. வாப்பா மண்ணுக்குப் போவார்.

அலுமாரியிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு அவள் ஓடியபோது முபீன் வாசலை மறித்தான்.

“நீ பாக்க வேணாம் புள்ள. நான் தனியத் தூக்கிறன்.”

“எண்ட வாப்பாவை நான் பாக்காம?”

“சொல்றதக் கேளு.”

“விலகுங்க.”

அவன் விலகவில்லை. அவள் தள்ளினாள். இருபத்து மூன்று நாளில் அவன் அவ்வளவு மெலிந்திருந்தான். தள்ளிய கைக்கு எதிர்ப்பே இல்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சுவர்ப் பக்கம்.

திறப்பு பூட்டுக்குள் போனது. திரும்பியது.

“அண்டைக்கு எனக்கும் கேட்டிச்சு” என்றான் முபீன்.

அவள் கை நின்றது.

“என்ன கேட்டிச்சு?”

“நீ வாறத்துக்கு முந்தியே கேட்டிச்சு. தட்டினாரு. மறுகா உன்னத்தான் கூப்பிட்டாரு. உண்ட பேரைச் சொல்லி. அதான் சத்தமா ஓதினன்.”

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

“திறந்தா ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும் சிபானா. அங்க ரெண்டு நாள் கிடந்து மௌத்தாவாரு. எரிப்பானுகள். சத்தியம் குடுத்தமே. மாமாக்கு நாம சத்தியம் குடுத்தமே.”

சிபானா மூடியை இரண்டு கையாலும் பிடித்தாள். வரவில்லை. பனி பிடித்திருந்தது. இழுத்தாள். முழு பாரத்தையும் போட்டு இழுத்தாள். உள்ளே ஏதோ முறியும் ஓசை. மூடி எழுந்தது. வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது.

புகை கலைந்தது.

வலப்பக்கம் சரித்துக் கிடத்திய வாப்பா மல்லாந்து கிடந்தார். தலைக்கட்டு அவிழ்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, இமை மயிரெல்லாம் பனி. வாயும் திறந்திருந்தது.

கபனுக்கு வெளியே வலது கை.

மூன்று விரல்கள் மடங்கி, அவற்றின் மேல் பெருவிரல் மடங்கி. கலிமா சொல்லி உயர்த்தும் சுட்டுவிரல் மட்டும் நேராக, மேலே, மூடி இருந்த இடத்தை நோக்கி.

அதற்கு நுனி இல்லை. நுனி, அவள் தூக்கிப் பிடித்திருந்த மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது.