புளி போட்டு விளக்கிய சான்று

காலை ஒன்பது மணிக்குள் பதினேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் துணியில் சுற்றிய ஒரு பழம்பொருள். பதினேழில் பதினாறு பொய்யாக இருக்கும் என்று நாற்காலியில் உட்காரும்போதே முடிவு செய்துகொண்டேன். சந்தேகப்படுவதுதான் எனக்கு உத்தியோகம். ஒன்பது ஆண்டுகளாக அதில் நான் குறை வைத்ததில்லை.

கடல் உள்ளே வந்த பிறகு கரையோர மக்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அதற்காக வந்ததுதான் வேர்ச் சட்டம். எழுநூறு ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்த ஊர் என்று நிரூபித்தால் ஊர் தப்பும். இல்லையென்றால் வீடுகளை இடித்துவிட்டு அடுக்குக் குடியிருப்பு எழுப்புவார்கள். ஊராரை ஆளுக்கொரு மாவட்டமாக அனுப்பிவிடுவார்கள். சான்றை ஊர்க்காரர்களே கண்டெடுத்துக் கொண்டுவர வேண்டும். அதனால் திடீரென்று எல்லார் கொல்லையிலும் சோழர் காலம் முளைக்க ஆரம்பித்தது.

முதலில் வந்த காசிலிங்கம் மண் அப்பிய செம்புக் குடத்தின் கழுத்து ஒன்றை மேசையில் வைத்தார். மண்வாசிப்பான் அதன்மேல் ஒளியை ஓட்டியது. உலோகத்தின் வயது, அதில் ஏறிய களிம்பு, களிம்பில் சிக்கிய மண் மூன்றும் பொருந்தின. பச்சை விளக்கு. அவர் கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கும்பிடுவதை அளக்கக் கருவி கிடையாது.

அடுத்தவர் ஆலம்புஞ்சை தவமணி. நாற்பது வயதிருக்கும். துணியை அவிழ்த்ததும் மேசையே மின்னியது. உள்ளங்கை அகலத்தில் வெண்கலப் பாத்திரத்தின் விளிம்பு, ஓரத்தில் பாதித் தாமரை.

உலோகம்: எண்ணூறு ஆண்டு. களிம்பு: இல்லை. மண்: இல்லை. சிவப்பு விளக்கு.

"எந்தக் கோயில் மடப்பள்ளியிலேருந்து எடுத்தீங்க?" என்றேன்.

"ஐயோ, கோயிலா? குழாய் பதிக்கக் குழி தோண்டயில கெடச்சுச்சு மேடம்."

"மண்ணுக்குள்ள கிடந்தது இப்படியா பளபளக்கும்?"

"பச்சையேறித்தான் கெடந்துச்சு. ஆபீசுக்குக் கொண்டுபோற சாமானு, அழுக்கோடவா நீட்டுறதுன்னு புளி போட்டு வெளக்கினேன். ரெண்டு மணி நேரம் தேச்சேன்." அவர் முகத்தில் பெருமை இருந்தது. பிறகுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "தப்பா மேடம்?"

"நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"புளிச்சக்கை தொவைக்கிற கல்லடியிலதான் கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. அறுபத்திரண்டு வீடு மேடம்."

சக்கையைத் தயார் செய்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! துண்டைப் பறிமுதல் செய்துவிட்டு, நிராகரிப்புப் பொத்தானை அழுத்தினேன். அவர் வெறும் துணியை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து, நிறைவு அறிக்கைக்காக ஆலம்புஞ்சைக்குப் போனேன். வீடுகள் இல்லை. குழாயடியில் துவைக்கிற கல் மட்டும் தப்பியிருந்தது. அதன் அடியில் காய்ந்த புளிச்சக்கை, பச்சை பாரித்துக் கிடந்தது. பொய்தான் என்று உறுதி செய்துகொள்ளவே கையடக்க வாசிப்பானை அதன்மேல் வைத்தேன்.

களிம்பு: எண்ணூறு ஆண்டு. மண்: இவ்விடம். பச்சை விளக்கு.

அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இடித்த ஊருக்கு மறுவிசாரணை கிடையாது.

துண்டு இப்போது மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள். கீழே அட்டையில், பறிமுதல் செய்தபோது நான் எழுதிக் கொடுத்தபடியே, 'கிடைத்த இடம்: தெரியவில்லை.'

அங்கே ஆலம்புஞ்சை என்றாவது எழுதுங்கள் என்று, சக்கையையும் அளவீட்டையும் இணைத்து மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினேன். நேற்றுத்தான் பதில் வந்தது. புளிச்சக்கையை யார் வேண்டுமானாலும் தயார் செய்யலாமாம். அந்த ஊரில் எனக்கு யார் உறவு என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.