உயிர்ப்பலகை

முதல் ஆணி வளைந்துவிட்டது.

ரெகுலா அதைப் பிடுங்கி வீசிவிட்டு அடுத்ததை எடுத்தாள். கையில் இருந்தது சுத்தியல் இல்லை, கறி தட்டுகிற இரும்புக் கட்டை. ஆணிகள், வாசலில் கோட்டு மாட்டும் சட்டத்திலிருந்து பெயர்த்தவை. கட்டில்மேல் முழங்காலிட்டு, தலைமாட்டுச் சுவரில் இருந்த அந்தச் சின்னப் பலகையைத் தோளால் அழுத்திக்கொண்டு ஓங்கி அடித்தாள். மரவீடு மொத்தமும் அதிர்ந்தது.

"யாரும்மா அது?" கீழேயிருந்து வீட்டுக்காரி ஹெட்விக்கின் குரல். "தங்கத்தான் விட்டேன், விறகு பிளக்க விடல!"

மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். ஹெட்விக் இல்லை, தங்கை மார்லிஸ். கையில் பாதி கடித்த ஆப்பிள்.

"அக்கா! என்ன பண்ணிட்டிருக்கே?"

"கதவைச் சாத்து. அந்தம்மா இதைத் திறக்க வருது."

"திறந்தா என்ன?"

ரெகுலா திரும்பினாள். நாலு மாதத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவளின் முகமாக அது இல்லை. கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கண்ணில் வெளிச்சம்.

"திறந்தா லீனுஸ் போயிடுவார்டி."

ஆப்பிள் மார்லிஸின் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

அந்த மலைப்பக்கத்துப் பழைய வீடுகளில், உயிர் பிரிகிற அறையில் உயிர்ப்பலகை ஒன்று இருக்கும். ஒரு கை நுழைகிற துளை, அதன்மேல் தள்ளுபலகை. ஆள் கண்ணை மூடியதும் திறப்பார்கள். உயிர் வெளியேறியதும் மூடுவார்கள். சட்டென்று மூடிவிட வேண்டும், அதில் மட்டும் அசட்டை கூடாது; போகிற வழி வருகிற வழியும்தான்.

ரெகுலாவும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் லீனுஸ் செத்தது நகரத்து ஆஸ்பத்திரியில், ஐந்தாவது மாடியில், ஜன்னல்களைப் பூட்டியே வைத்திருக்கும் ஒரு வார்டில்.

கடைசி நாள், "கசப்புச் சாக்லேட் ஒரு துண்டு இருந்தா நல்லாயிருக்கும்" என்றார். வாரக்கணக்கில் எதுவும் கேட்காத மனுஷர் வாய்திறந்து கேட்டதும் ரெகுலா பறந்தாள். கீழ்த்தளத்துக் கடையில் கூட்டம். வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, லீனுஸ் இல்லை. கட்டிலில் இருந்தது உடம்பு மட்டும். பக்கத்தில் மார்லிஸும் ஒரு நர்ஸும் நின்றிருந்தார்கள்.

"ஜன்னலைத் திறந்தீங்களா?" என்று அலறினாள் ரெகுலா. "நான் வர்றதுக்குள்ள அனுப்பிட்டீங்களா?"

"இல்லக்கா. மூடித்தான் இருக்கு பாரு. அத்தான் இன்னும் இங்கதான் இருக்கார். பேசு."

இருட்டும்வரை பேசினாள். ஜன்னலில் கை வைக்க வந்த வேறொரு நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் அந்தக் குளிர்ந்த காதோடு சொன்னாள்: "இங்கேயே இருக்காதீங்க. என்கூட வந்துடுங்க. ஏரிக்குப் போகலாம்."

லீனுஸ் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஊர் உலகத்தையெல்லாம் ஏரிக்கரையிலும் கோட்டை வாசலிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், தான் ஒருநாளும் இறங்கியதில்லை. "ரிட்டயர் ஆனதும் இறங்கிப் பார்க்கணும் சிட்டு, அவசரமே இல்லாம" என்பார். அறைகூடப் பேசி வைத்துவிட்டார். இறங்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நாலு மாதம் ரெகுலா தன் வீட்டில் காத்திருந்தாள். ஒரு சலனம் இல்லை, ஒரு நிழல் இல்லை. சரி, போவதாகச் சொன்ன இடத்துக்காவது போவோம் என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

படகுத்துறையிலிருந்து மேடேறி, ஹெட்விக்கின் வீட்டுக்குள் நுழைந்த அன்று இந்தப் பலகை திறந்தே கிடந்தது. "போன தடவை வந்த பிள்ளைங்க விளையாடிட்டுப் போயிருக்குதுங்க, எத்தனை நாளா இப்படிக் கிடக்கோ" என்று முணுமுணுத்து, அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு ஹெட்விக் அதைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலமே ரெகுலா காலியான அறையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"வந்துட்டீங்களா? முகம் மழிக்கும்போது ஒரு பாட்டை முனகுவீங்களே, பாதியில நிறுத்திட்டு மறுபடியும் முதல்லேர்ந்து... அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

மறுநாள் நீராவிப் படகில் அக்கரைக்குப் போனார்கள். கோட்டையின் மதிலில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். சந்தைத் தெருவில் சாக்லேட் கடைக்காரர் மார்லிஸைப் பார்த்துக்கொண்டே தராசில் அள்ளி அள்ளிப் போட்டார்.

"பாத்துப்பா, தராசு அங்க இருக்கு, என் இடுப்புல இல்ல" என்றாள் மார்லிஸ். கடைக்காரர் காதுவரை சிவந்துபோனார்.

நாலு மாதத்துக்கப்புறம் ரெகுலா சிரித்தது அப்போதுதான். கசப்புச் சாக்லேட்டில் ஒரு கட்டி வாங்கிக்கொண்டாள். அதை லீனுஸுக்கென்று கட்டிலோரம் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது அறைக்குள் முனகல் கேட்டது.

பாட்டு. பாதியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து.

கட்டிலின் ஒரு பக்கம், ஆள் படுத்தது போலக் குழிந்திருந்தது. சாக்லேட் கட்டியின் ஓரம் ஈரமாக இருந்தது.

பயப்பட வேண்டியவள் பயப்படவில்லை. குழியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்படியே எல்லாவற்றையும் சொன்னாள். முதன்முதலில் பஸ்ஸில் பார்த்தது, சிட்டு என்று பெயர் வைத்தது, கடைசி வாரத்தில் மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்று அவர் தவித்தது. ஒன்றுவிடாமல்.

அதற்கடுத்த நாள், மேய்ச்சல் மலையிலிருந்து தலையில் பூச்சூடி இறங்கிய மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள். மணியோசை இன்னும் காதில் இருந்தது. அதற்கு நடுவே, தலையணையிலிருந்து ஒரு குரல்.

"சிட்டு."

அதனால்தான் இன்று, கம்பளி மாற்ற வந்த ஹெட்விக் மூக்கைச் சுளித்து, "இதென்ன ஏரிச்சேறு வாடை? இந்த ரூம்ல யாரோ இருக்காங்க. பலகையைத் திறந்து அனுப்பணும்" என்று சொன்னதும், ரெகுலாவின் கை ஆணியைத் தேடிப் போயிற்று.

ஹெட்விக் மூச்சு வாங்க மேலேறி வந்துவிட்டாள். அடித்த ஆணிகளைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"எங்கப்பா, எங்கம்மா, எம்புருஷன், மூணு பேருக்கும் இதைத் திறந்துவிட்டவ நான். எனக்கு மட்டும் மனசு கல்லா? அடைச்சு வெச்சா அது உயிர் இல்லம்மா, கைதி."

"உங்க புருஷன் போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க," என்றாள் ரெகுலா. "நான் கடையில வரிசைல நின்னுட்டிருந்தேன்."

ஹெட்விக் கட்டிலிலிருந்து எழுந்தாள். "நாளைக்குத் தச்சன் வருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மார்லிஸ் வாசலிலேயே நின்றாள். படுக்கைக் குழியைப் பார்த்தாள்.

"அக்கா, அத்தான் எந்தப் பக்கம் படுப்பார்?"

"சுவர்ப் பக்கம்."

"பள்ளம் இந்தப் பக்கம்ல இருக்கு?"

"செத்தவருக்கு இடம் என்ன, வலம் என்ன? எப்பவும் நொட்டை சொல்றதே உனக்கு வேலை."

"அத்தான் மேல இப்படி வாடை வருமா? அவர் சோப்பு வாசம்..."

"வெளிய போடி!"

மார்லிஸின் உதடு எதையோ சொல்லத் துடித்தது. கதவு சாத்திக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் ஏரியிலிருந்து மூடுபனி ஏறிற்று. முதலில் படகுத்துறை மறைந்தது. பிறகு தேவாலயத்துக் கோபுரம். பிறகு ஜன்னலுக்கு நேரே நின்ற பேரிமரம். பகல் வெளிச்சம் பால் திரிந்தது போல வெளுத்துக் கிடந்தது. அறைக்குள் குளிர் கூடியது. ஈரக் கம்பளி நாற்றம். அதற்கடியில் வேறொன்று, தண்ணீரில் நெடுநாள் கிடந்த மரத்தின் நாற்றம்.

கர்ர்க்.

ரெகுலா நிமிர்ந்தாள்.

கர்ர்க். கர்ர்க்.

உயிர்ப்பலகையில் நகம். உள்பக்கத்திலிருந்து.

"லீனுஸ்?"

நகம் நின்றது. தலையணைக்குப் பக்கத்தில், வெகு அருகில், குரல் வந்தது.

"சிட்டு... மூச்சு முட்டுது."

அவ்வளவுதான். ரெகுலா உடைந்துபோனாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தானே ஒவ்வொரு ராத்திரியும் செத்துப் பிழைத்தாள்? இப்போது அவரை மூச்சு முட்ட வைத்திருப்பது வியாதி இல்லை, அவள் அடித்த ஆணி.

கட்டில்மேல் தாவினாள். பழம் நறுக்கும் கத்தியை ஆணிக்கடியில் கொடுத்து நெம்பினாள். கத்தி முனை ஒடிந்தது. விரலால் பிடித்து இழுத்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. ஒன்று வந்தது. அடுத்தது. கடைசி ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுவரில் சாய்த்தாள்.

"உங்களை அனுப்ப எனக்கு மனசில்லங்க," என்றாள். "போறப்ப கையைப் பிடிச்சுக்கக்கூட நான் இல்ல. கேட்ட சாக்லேட்டையும் வாயில வைக்கல. வந்ததுக்கு இந்த மூணு நாள் போதும்னு நினைச்சுக்கிறேன். நான் இருந்துக்குவேன். மார்லிஸ் இருக்கா, சண்டை போடவாவது ஆள் இருக்கு. நீங்க அவசரமே இல்லாம... எல்லா ஊர்லயும் இறங்கிப் பார்த்துட்டுப் போங்க."

பலகையைத் தள்ளினாள்.

பனி ஒரு புகைக்கீற்றாக உள்ளே நீண்டது. எங்கோ பசுவின் மணி ஒருமுறை ஒலித்து அடங்கியது.

காத்திருந்தாள்.

எதுவும் அவளைக் கடந்து வெளியே போகவில்லை.

பின்னால் கட்டில் அமுங்கியது. அவள் இடது கைமேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று, கனமாக. விரல்கள் ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்குள் நுழைந்து இறுகின.

"போகல," என்றது குரல். "போகவே மாட்டேன்."

மாடிப்படியின் மேல்படியில் மார்லிஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

ரெகுலா நின்றிருந்தாள். விரலெல்லாம் ரத்தம், முகமெல்லாம் கண்ணீர். உதட்டில் சிரிப்பு.

"திறந்துட்டேன் மார்லிஸ். நானே திறந்து, போங்கன்னு வாய்விட்டுச் சொன்னேன். அவர் போகல. அவராவே போகமாட்டேன்னுட்டார்டி. இனிமே யாரும் என்னைக் கேட்க முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மார்லிஸ் எழுந்தாள். அக்காவின் முழங்கையைப் பிடித்து அறை வாசலிலிருந்து இரண்டடி இழுத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மெதுவாப் பேசு. நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"என்னைக்கு?"

"ஆஸ்பத்திரியில. நீ கீழ போயிருந்தப்ப." மார்லிஸின் பார்வை ரெகுலாவின் தோளுக்குப் பின்னால், பாதி திறந்த கதவிலேயே இருந்தது. "அத்தான் கண்ணை மூடினதும் நர்ஸ் சாவி எடுத்துட்டு வந்தா. அவளும் நம்ம மலைப்பக்கத்துப் பொண்ணுதான். நானும் அவளும் சேர்ந்துதான் ஜன்னலைத் திறந்தோம்."

ரெகுலாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வெளிய காத்தே இல்ல. ஆனா திரை ஒரு தடவை வெளிப்பக்கமா இழுத்துச்சு. அத்தான் முகத்துல இருந்த வலியெல்லாம் போயிடுச்சு, தூங்குற குழந்தை மாதிரி ஆயிட்டார். மூடிப் பூட்டினோம். அப்பதான் நீ ஓடி வந்தே. திறந்தீங்களான்னு நீ கத்தினப்ப, உன் முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியல. கடைசியா நாலு வார்த்தை பேசட்டுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நின்றார்கள். ஈரமான வெறுங்கால்கள், பலகைத் தரையில் ஒவ்வோர் அடியாகப் பதிந்து வந்து, கதவுக்கு அந்தப்பக்கம் ஒட்டுக்கேட்பது போல நின்றன.

மார்லிஸ் அக்காவின் காதில் வாயை வைத்தாள்.

"அத்தான் அன்னிக்கே போயிட்டார்க்கா."