வேலையில் இருக்கும் நாய்

துரை மறுபடியும் நடைவழியில் நின்றுவிட்டது. நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசிவிட்டு வந்தவள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகலாம் என்றால் குறுக்கே நந்தி மாதிரி இந்த நாய். பார்வையில்லாத அவள் காலால் துழாவினாள். தரை சில்லென்று இருந்தது. பள்ளமில்லை, படியில்லை, ஒரு நாற்காலிகூட இல்லை.

தெருவில் வழிகாட்ட அதைப்போல ஒரு தங்கம் கிடையாது. குழி இருந்தால் நிற்கும். ஆள் நின்றால் சுற்றிக் கூட்டிப்போகும். சுற்ற இடமில்லையென்றால் பேசாமல் உட்கார்ந்துவிடும். தெருவில் தொல்லையெல்லாம் மனிதர்களால்தான். வேலை செய்யும் நாயைத் தொடக் கூடாது என்று அதன் மார்பு பெல்ட்டிலேயே எழுதியிருந்தும், தலையைத் தடவாவிட்டால் அவர்களுக்குக் கை அரிக்கும். யாராவது தடவினால் பெல்ட்டின் கைப்பிடி அவள் கையில் லேசாக ஆடும். "தொடாதீங்க, வேலையில இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

இந்த அடமெல்லாம் இந்தப் புது வீட்டுக்கு வந்த பிறகுதான். துரையைப் பழக்கிக் கொடுத்த பயிற்சியாளரிடம் போனில் புலம்பியிருந்தாள்.

"வீட்டுக்குள்ளயே பெல்ட் மாட்டி நடத்திப் பாருங்கம்மா. அப்பவும் நின்னா, நாளைக்கு வந்து நான் கூட்டிட்டுப் போயிடறேன். சொன்ன பேச்சு கேக்காத நாயை நம்பி உங்களை ரோட்டுல விட முடியாது."

துரை போனால் வேலை போகும், இந்த வீடும் போகும். மறுபடி அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து, அண்ணி கூப்பிடும்போது சாப்பிட வேண்டும். நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

பெல்ட்டை மாட்டினாள். நாயின் உடம்பு நடுங்கியது.

"நடிக்காதடா. என் பொழைப்பே உன் கையிலதான் இருக்கு." கைப்பிடியைப் பிடித்து, நட என்றாள்.

துரை நடந்தது.

அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சற்றுப் போனதும் அது வலப்பக்கம் ஒதுங்கியது, அவள் தோள் சுவரில் உரசியது. பிறகு இடப்பக்கம். மறுபடி வலம். காலியான வழியில் நேராகப் போகத் தெரியாதா என்று திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். இந்த நடை அவளுக்குத் தெரியும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், இடிபடும் கூட்டத்துக்குள் துரை இப்படித்தான் வளைந்து வளைந்து கூட்டிப்போகும்.

ஈரம் காயாமல் சுருட்டி வைத்த துணியின் நெடி வந்தது. எப்போதும் தெளிவாகக் கேட்கும் ஃபிரிட்ஜின் உறுமல், நடுவில் ஆட்கள் நிற்பதுபோல அமுங்கிக் கேட்டது. முழங்கையில் ஏதோ துணி பட்டது. அவள் நடைவழியில் துணி காயப்போடுவதில்லை.

துரை உட்கார்ந்தது.

சுற்ற இடமில்லை.

"திரும்பு." மறுபடி சொன்னாள். துரை அசையவில்லை.

பின்னாலும் வழியில்லை.

கைப்பிடி லேசாக ஆடியது. மெதுவாக. முன்னும் பின்னும்.

வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "தொடாதீங்க. வேலையில இருக்கு."

ஆட்டம் நின்றது.

பிறகு அந்தக் கை, நிதானமாக, அவள் தலையைத் தடவத் தொடங்கியது.