மூச்சு வாங்கும் கோடு

கோடு மூச்சு வாங்கியது.

ஒஸ்லோவின் படகுத்துறை முனையில், கடற்காற்றில் கலந்திருக்கும் குளோரின் வாயுவை அளக்கும் மரக்குடிலுக்குள் கிளெமென்ற் தனியே உட்கார்ந்திருந்தான். மார்கழி மாதம், பின்னேரம் நாலு மணிக்கே கும்மிருட்டு. வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் அந்த வாயு இருட்டில் மெல்ல மெல்லச் சேரும், கருவியின் திரையிலுள்ள கோடும் அதைப்போலவே சத்தமில்லாமல் மேலேற வேண்டும். இன்றோ அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மூன்றாவது ஏற்றத்தில் சிக்கி நின்று பிறகுதான் இறங்கியது.

ஷரோனுக்கு மூச்சிழுப்பு இருந்தது. இப்படித்தான் மூச்சு விடுவாள்.

அவன் மனைவி, இங்கேயே வேலை செய்தவள். போன மாரிக்குளிரில், கருவியைச் சரிபார்க்கும் குளோரின் சிலிண்டர் கசிந்து இந்தக் குடிலின் உள்ளறையிலேயே செத்துப்போனாள். எச்சரிக்கை மணி அணைந்து கிடந்தது. அவளேதான் அணைத்தாள் என்று விசாரணையில் சொன்னவர் நிலையப் பொறுப்பாளர் கிருபன். கிளெமென்ற் நம்பவில்லை. நிரூபிக்கவும் வழியில்லை.

கிருபன் சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"காத்து இழுக்கிற பம்ப் பழுதாப்போச்சுது போல. உள்ளுக்கை போய்ப் பாக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. அது பம்ப் இல்லை."

"பின்னை என்ன, பேயோ? விஞ்ஞானம் படிச்சனீரெல்லே, தம்பி!"

சிரித்தபடி உள்ளறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நீச்சல் குளத்து மணம் வந்தது. மணி அலறியது.

"இது சும்மா கத்தும்," உள்ளேயிருந்து கிருபனின் குரல் கேட்டது. "உப்புக்காத்துப் பட்டாலே கத்தும். எந்த நாளும் வந்தவுடனை நான்தான் நிப்பாட்டிறனான்."

மணி நின்றது.

எந்த நாளும். அன்றைக்கும்.

கிளெமென்ற் எழுந்தான். திரையில் கோடு அசையாமல் நின்றது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல. பிறகு ஒரேயடியாக மேலே பாய்ந்தது.

உள்ளே இருமல். ஏதோ விழுந்தது. கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை. பூட்டே இல்லாத கதவு.

"தம்பி! திறவும்! ஆரோ பிடிச்சு..."

குரல் அறுந்தது.

கிளெமென்ற் கைப்பிடியைத் தொட்டான். இந்தப் பக்கம் இலேசாக இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

கதவின் சிறு கண்ணாடியில் கிருபனின் முகம் அழுந்தியிருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. பின்னாலிருந்து வந்த வெளிறிய விரல்கள் அவருடைய வாயையும் மூக்கையும் பொத்தியிருந்தன. ஒரு விரலில் மோதிரம். ஷரோனோடு அவன் புதைத்த மோதிரம்.

கிளெமென்ற் கையை எடுத்தான்.

முகம் மெல்லச் சரிந்து கீழே போனது. கண்ணாடி வெறுமையானது. இருட்டு மட்டும்.

பிறகு கண்ணாடியின் உட்பக்கத்தில் மூச்சாவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. மூன்றாவதில் சிக்கி நின்றது.