டிக்கெட் கவுண்டரில் ஒரு நிழல்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அப்பா வைத்தது. காலையில் கண் விழித்ததும் தொடங்கினால், தூங்கும் வரை அந்த வாய் ஓயாது. ஆனால் அப்பாவுக்கு வேலை மாறி, மொழி தெரியாத ஊருக்குக் குடிவந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் ரேடியோ மூச்சே விடுவதில்லை.

அதற்காகத்தான் மாடியில் மொழி வகுப்பு. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்ட அறை அது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கண்முன்னே ஒரு மெய்நிகர் ஊர் விரியும். அங்கே கடைக்காரர், தபால்காரர், ஏன், நாய்க்குட்டிகூட கம்ப்யூட்டர் செய்ததுதான். புது மொழியில் ஒழுங்காகப் பேசினால் குரலைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். பேசாமல் நின்றால் நம் நிறம் மங்கிக்கொண்டே போகும். முதல் வாரம் அவளுடைய நீலக் காலணி சாம்பல் நிறமாகிவிட்டது. வேறு பள்ளிப் பிள்ளைகளும் அதே ஊருக்குள் வருவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இதுவரை அவள் யாரையும் பார்த்ததில்லை.

அன்று கடைசிப் பாடம். டிக்கெட் வாங்கி ரயில் ஏற வேண்டும். மணி அடிப்பதற்குள் ஏறிவிட்டால் நாளை முதல் எல்லாரோடும் வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் இந்தக் கறுப்புத் திரை அறைதான்.

உள்ளே போகும் முன் பென்சில் அவளை ஓரமாக இழுத்தான். ஒல்லியாக இருப்பதால் அவன் பென்சில். அந்தப் பள்ளியில் அவள் மொழி பேசும் ஒரே ஆள்.

"ஸ்டேஷன்ல ஒரு பேய் இருக்கு. கண்ணு, மூக்கு ஒண்ணும் கிடையாது. வாய் மட்டும்தான். திறக்கும், ஆனா சத்தம் வராது."

"நீ என்ன பண்ணின?"

"கண்ண மூடிக்கிட்டு அதுக்குள்ளயே நடந்து போயிட்டேன்."

அவள் சிரித்தாள். ஆனாலும் ஹெட்செட்டை மாட்டும் முன் ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ரயில் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. சுவர்க்கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. கவுண்டருக்குப் பின்னால் இமைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார் டிக்கெட்காரர். கவுண்டருக்கு முன்னால் அது நின்றது.

அவள் உயரம்தான் இருக்கும். உடம்பெல்லாம் புகை போலச் சாம்பல் நிறம். முகத்தில் ஒரு வாய் மட்டும்.

"எங்கே போக வேண்டும்?" என்று டிக்கெட்காரர் கேட்டார். வாய் திறந்தது. சத்தமே இல்லை. "இங்கே யாரும் இல்லை. அடுத்தவர் வரலாம்" என்று அவர் அதன் வழியே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹெட்செட் வேறு மூக்குக்கு வழுக்கியது. பெரியவர்கள் தலைக்குச் செய்ததை மாட்டினால் அப்படித்தான். அவள் அதை மேலே தள்ளிவிட்டாள்.

அதே நேரம் அந்தச் சாம்பல் நிழலும் கையைத் தூக்கி, நெற்றியில் இல்லாத எதையோ மேலே தள்ளியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளும் அரண்டுதான் போயிருந்தாள். ஆனால் பேய்க்கு ஹெட்செட் வழுக்குமா? எங்கேயோ ஒரு பள்ளியில், இதே போன்ற அறையில், யாரோ ஒரு பிள்ளை நிற்கிறது.

டிக்கெட்காரர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "இங்கே யாரும் இல்லை" என்றார் அவர். அவர் சொல்லி முடிக்கும்போதுதான் அந்த வாயிலிருந்து மெல்லிய "க..." என்ற சத்தம் வந்தது. அந்தப் பிள்ளையிடம் வார்த்தை இருக்கிறது. வெளியே வரத்தான் நேரமாகிறது. கம்ப்யூட்டருக்கோ நான்கு நொடிக்கு மேல் பொறுமை இல்லை.

அவள் நிழலின் பக்கத்தில் போய் நின்றாள். "கொஞ்சம் இருங்கள்" என்று புது மொழியில் சொன்னாள்.

டிக்கெட்காரர் காத்திருந்தார். மூன்று நொடி ஆனதும் அவள் மறுபடி சொன்னாள். அமைதியாக இருந்தால்தானே அவர் எண்ணுவார்? அப்புறம் தனக்குத் தெரிந்த வாக்கியங்களை எல்லாம் அவிழ்த்துவிட்டாள். இன்று மழை பெய்கிறது. தக்காளி சிவப்பாக இருக்கிறது. என் மாமாவுக்கு மீசை உண்டு.

"மிகவும் நல்லது" என்றார் டிக்கெட்காரர், ஒவ்வொன்றுக்கும்.

வெளியிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது."

அவளுக்கு அழுகை முட்டியது. தன் டிக்கெட்டைக் கேட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் நிழலின் உதடுகள் ஒட்டின, நடுங்கின, பிரிந்தன.

"க... க... கடற்கரைக்கு ஒரு டிக்கெட்."

பாதத்திலிருந்து நிறம் ஏறியது. மஞ்சள் காலணி, கோடு போட்ட சட்டை, இரட்டைச் சடை. கடைசியாக இரண்டு கண்கள் வந்தன. அந்தச் சிறுமி தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ரயிலை நோக்கி ஓடிவிட்டாள்.

ரயில் ஊதியது. ரேடியோ தன் டிக்கெட்டைக் கேட்டாள். அது ஆமை வேகத்தில் வெளியே வந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன, ஒன்றைத் தவிர.

அந்த ஒரு கதவில் சிறுமி நின்றாள். ஒரு கால் ரயிலில், ஒரு கால் நடைமேடையில். "ஏறுங்கள் அல்லது இறங்குங்கள்" என்று ரயில் கத்திக்கொண்டே இருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை.

ரேடியோவைக் கண்டதும் கையை நீட்டி, "ஏ... ஏ..." என்று தொடங்கினாள்.

என்ன சொல்லப் போகிறாள் என்று ரேடியோவுக்குத் தெரியும். மணி எந்த நொடியிலும் அடித்துவிடும் என்றும் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றாள்.

"ஏறு" என்றாள் சிறுமி.

ரேடியோ ஏறினாள். கதவு மூடியது. அப்புறம்தான் மணி அடித்தது.