ஆதிலக்ஷ்மிக்குச் சூடு ஆகாது

மொட்டைமாடியில் பிழிந்த வடாம் காய்வதற்கு முன்னாலேயே பொரிந்துவிடும், அந்தச் சித்திரை வெயில் அப்படி. தென்திருப்பேரைத் தெருவில் மத்தியானம் நடந்தவர்களின் நிழல்கூட, அவர்களை அம்போவென்று விட்டுவிட்டு ஏதாவது ஒரு வாசலுக்குள் ஒதுங்கிக்கொண்டது. போர்வெல்கள் இருமி இருமி ஓய்ந்துவிட்டன. தாமிரபரணி, மணல்மேட்டுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நடுவே, தரையில் சிந்திய நீர்மோர் மாதிரிக் கிடந்தது. அப்படியொரு நாளில், பராங்குசத்தின் கூடத்தில் வெள்ள வாசனை அடித்தது.

கரைந்த செம்மண்ணும் அழுகிய வாழைத்தண்டும் ஊறிப்போன கோரைப்பாயும், எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றுமீனின் மெல்லிய கவிச்சியும் கலந்த வாசனை. கட்டிலிலிருந்து காலை இறக்கினார். சில்லென்று நறநறத்தது. தரை முழுக்க வண்டல், குழந்தைக்குப் போடும் பவுடரைவிட நைசாக, வரி வரியாக.

வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த சந்தனச்செல்வி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. கையைவிட வாய் வேகமாகக் கூட்டும்.

“என்ன சாமி, நேத்துதான் வாரிக் கொட்டினேன். திரும்பக் கெடக்கு. ஆத்தை மடியில கட்டிக் கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கீயளா?”

“ஜன்னல் வழியா காத்துல வர்றது, செல்வி.”

“காத்துலயாக்கும்! காத்து இப்படி அலையடிச்சாப்ல கோலம் போட்டுட்டுப் போவுதோ? அதுபோக, லாரித் தண்ணி ஒரே நாள்ல தீந்துருது. ஒத்த ஆளு நீங்க. உள்ள ஆனை கீனை வளக்கீயளா?”

பராங்குசம் சிரித்துவைத்தார். “கொல்லைப்புற ரூமுக்குள்ளே மட்டும் போகாதே.”

“நான் எதுக்குப் போறேன்? அந்தக் கதவுப் பக்கம் போனாலே காலு கூசுது.” அவள் கூட்டத் தொடங்கினாள். பாட்டு முணுமுணுக்காமல் அவள் கூட்டியது அன்றுதான்.

பராங்குசம் துறைமுகத்தில் தூர்வாரும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாரச் சொன்ன சேற்றையெல்லாம் ஒழுங்காகக் கொட்டியிருந்தால், காலையில் இலங்கைக்கு நடந்து போய்க் காப்பி குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம் என்பாள் அவர் மனைவி ஆதிலக்ஷ்மி. அவள் மட்டும் என்ன, சும்மாவா? கொல்லையில் நின்று அவள் குரல் கொடுத்தால் தூத்துக்குடியில் நங்கூரம் பாய்ச்சிய கப்பல் ஒன்று திரும்பிப் பார்க்கும். அவ்வளவு பெரிய குரலைத்தான் மார்கழி வெள்ளம் ஒரு மடக்கில் விழுங்கிவிட்டது.

ஆறு கொல்லைச் சுவரைத் தொட்டபோது இருவரும் மாடியில் இருந்தார்கள். “பெருமாள் நனையறார். எடுத்துண்டு வந்துடறேன்” என்று அவள் இறங்கினாள். படியில் பாதியில் நின்று, “டார்ச்சை நேரா பிடியுங்கோளேன்” என்றாள். அவர் நேராகத்தான் பிடித்திருந்தார். சுவர் விழுந்தது. வெளிச்சத்தில் அதற்குப் பிறகு தண்ணீர் மட்டுமே இருந்தது.

தண்ணீர் வடிந்தபின் தேடாத இடமில்லை. புன்னைக்காயல் முகத்துவாரம்வரை போனார். அங்கே பெவின் என்கிற மீன்பிடிக்காரப் பையன், காசு என்ற பேச்சையே எடுக்காமல், படகில் அவரை ஏற்றிக்கொண்டு அலைந்தான். கிடைத்தது ஒன்றே ஒன்று. ஆற்றின் வளைவில், விறைத்து நின்ற கருவேலமெல்லாம் வேரோடு போயிருக்க, வெள்ளத்தோடு படுத்து வெள்ளம் போனதும் எழுந்துகொண்ட நாணல் புதர் ஒன்றில், அவள் புடவைத் தலைப்பு. அங்கே ஒரு பிடி நாணல் தாள்கள் மட்டும் கயிறுபோல முறுக்கிக் கிடந்தன. யாரோ இறுகப் பிடித்திருந்த மாதிரி.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உரு செய்து தகனம் பண்ணுவது வழக்கம். ஊரிலிருந்த தர்ப்பைக் கட்டெல்லாம் வெள்ளத்தில் போயிருந்தது.

“குசம்கிற தர்ப்பை இல்லேன்னா காசம். காசம்னா நம்ம நாணல்தான். சாஸ்திரம் ஒத்துக்கறது. ஸ்வாமி விசாரப்பட வேண்டாம்” என்றார் ராமானுஜ வாத்தியார்.

அந்தப் புதரிலிருந்தே பராங்குசம் கொண்டுவந்தார். அரிவாளை வைக்க மனம் வரவில்லை, வேரோடு பிடுங்கினார். உருவாகக் கட்டி, மணலில் கிடத்தி, மந்திரம் சொல்லி, தீ வைத்தார்கள். பச்சை நாணல் புகைந்ததே தவிர எரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று வாத்தியார் முன்னால் நடந்தார். பராங்குசமும் நடந்தார், கொஞ்ச தூரம். மார்கழிக் குளிரிலேயே ஃபேன் போட்டுக்கொள்கிறவள் அவள். அடுப்படியில் நின்றால் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஆதிலக்ஷ்மிக்குச் சூடு ஆகாது. சொம்பை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பி ஓடி, ஆற்றை அள்ளி அள்ளி ஊற்றினார். “இதோ வந்துட்டேன், ஆதி. ஆச்சு, ஆச்சு” என்று ஊதி ஊதி அணைத்தார். இருட்டினபின் அந்த உருவை வேட்டியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

கொல்லைப்புற அறையில், ஃபேனுக்குக் கீழே, குளிக்கிற தொட்டியில் நிறுத்தினார். கருகிய பக்கம் உதிர்ந்து, கணுவுக்குக் கணு பச்சை விட்டது. முதலில் ஒரு சொம்பு தண்ணீர் போதுமாயிருந்தது. அப்புறம் குடம். அப்புறம் லாரி. அது தொட்டியை உடைத்துக்கொண்டு தரையில் வேரூன்றி நின்ற அன்றைக்கு, சொல்ல வெட்கம், பராங்குசம் பாயசம் வைத்தார். காலையில் அதற்குப் பேப்பர் படித்துக் காட்டினார். இரவில் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினார். சென்னையிலிருந்து மகள் மாதுரி கூப்பிட்டு, “இங்கே வந்துடுப்பா, தனியா என்ன பண்றே?” என்று கேட்கும்போதெல்லாம், “தனியா எங்கேம்மா” என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினார்.

பிறகு அது பொருள் சேர்க்கத் தொடங்கியது.

முதலில் தாள்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி வளையல். அவள் கண்ணாடி வளையல் போட்டதில்லை. எங்கிருந்தாவது வேரோடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுவாரம் ஓர் ஆண்பிள்ளையின் கைக்கடிகாரம், கண்ணாடிக்குள் தண்ணீரோடு. அடுத்தது ஒற்றைச் செருப்பு, அவருடைய உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. வெள்ளம் கொண்டுபோனதை நாணல் வடிகட்டி வைத்துக்கொள்வது ஆற்றங்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெள்ளம் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஆறு அறைக்குள் இல்லை.

செல்வி கூட்டாமல் விட்டிருந்த மூலையை இப்போது குனிந்து பார்த்தார். வண்டலின் வரி எந்தப் பக்கம் செங்குத்தாகச் சரிகிறதோ, அந்தப் பக்கமாக நீர் ஓடியிருக்கிறது. அவர் பிழைப்பே அதுதான். தப்பாகப் படிக்க வழியில்லை. கொல்லைப்புற அறையிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, எல்லா வரிகளும் அவர் கட்டிலைச் சுற்றி முடிந்தன.

சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது ஃபோன் அடித்தது.

“அய்யா, பெவின் பேசுதேன், புன்னைக்காயல்ல இருந்து.” குரல் தயங்கியது. “முகத்துவாரத்துல மண்மேடு அடைச்சுக் கெடந்துச்சுல்லா, இன்னைக்கு வெட்டினோம். அடியில... எலும்பாத்தான் இருக்காவ அய்யா. கழுத்துல தாலி. அதுல சங்கு சக்கரம். நீங்க சொன்னீயளே, பின்னால பேரு வெட்டியிருக்கும்னு. பாத்துட்டேன். அம்மாதான்.”

பராங்குசம் கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே வைத்தார்.

“போலீசுக்குச் சொல்லியாச்சு. காலையிலதான் வருவாவளாம். அதுவரைக்கும் தனியா விட மாட்டோம். எங்க அம்மா சீலை ஒண்ணு போத்தி, மெழுகுதிரி ஏத்தி வச்சிருக்கு. வெளிய காத்துல வச்சிருக்கோம், புழுக்கமில்லாம. நீங்க வாங்க அய்யா.”

“வரேன்” என்றார். “அவகிட்ட சொல்லு. நான் வந்துண்டே இருக்கேன்னு சொல்லு.”

ஃபோனை வைத்தபின், முதல் தடவையாக, அழுதார். மார்கழியிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. அவளைக் கொண்டுவர வேண்டும். நல்லபடியாக அனுப்ப வேண்டும். சட்டையை மாட்டினார். கார்ச் சாவியை எடுத்தார்.

கரண்ட் போனது.

மாதக்கணக்காக நிற்காமல் ஓடிய கொல்லைப்புற ஃபேன் கிறீச், கிறீச் என்று தளர்ந்து நின்றது. ஆனால் இலைகளின் சலசலப்பு நிற்கவில்லை.

சாவி கையில். வாசல் முன்னால். இருந்தும் திரும்பினார். ஆதிலக்ஷ்மி மண்மேட்டில் கிடந்தாள் என்றால், அத்தனை நாளும் பேப்பர் படிக்கக் கேட்டது எது?

கதவருகே நின்றார். ஜன்னலில் மிச்சமிருந்த அந்திச் சிவப்பில் அது தெரிந்தது. உத்தரத்தைத் தொட்டு, சுவருக்குச் சுவர் பரவி.

“ஆதி?”

சலசலப்பு நின்றது.

“அண்ணாச்சி.”

ஆண் குரல். தொண்டை நிறைய மண்.

“மாமா.” அது வேறு. “தாத்தா... தாத்தா...” அது இன்னும் தாழ்வாக, தரையோடு. “ஏலே, எவம்லே அங்கன நிக்கது? கையக் குடுலே.” “அப்பா.” “சாமி, புள்ளைய மட்டும் பிடிச்சுக்கிடுங்க.”

ஒவ்வொன்றாகக் கேட்டார். வெள்ளத்தில் போனவர்கள். கிடைக்காதவர்கள். புல்லில்கூட ஓர் உடல் செய்துவைக்க ஆளில்லாதவர்கள். இங்கே ஓர் உடல் நிற்கிறது. எரிக்காமல், தண்ணீர் ஊற்றி. வந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தார். கப்பலைத் திருப்பும் குரலுக்காக.

அது மட்டும் இல்லை.

நாணல் சாய்ந்தது. காற்றில்லை. நீர் இல்லை. மேலே ஆளுயர வெள்ளம் ஓடுவதுபோல, மொத்தமும், அவரை நோக்கி.

ஓடத் திரும்பினார். சுண்டுவிரலை எதுவோ பிடித்தது. சிறியது. ஜில்லென்றது. கைதான்.

உதற வேண்டும். உதறியிருக்கலாம். விரலைச் சுற்றி அந்தப் பிடி இறுகிய விதத்தில் அவருக்கு உதறக் கை வரவில்லை.

மணிக்கட்டில் இன்னொன்று. வேட்டியில். முழங்காலில். இடுப்பில். இழுக்கவில்லை. ஒன்றுகூட இழுக்கவில்லை. அடித்துக்கொண்டு போகாமலிருக்க எதையாவது பற்றுகிறவர்கள் பற்றுவது மாதிரி, வெறுமனே பற்றிக்கொண்டன. சாவி விழுந்தது. சத்தமில்லாமல், வண்டலில். அவர் பாதங்களும் அதற்குள்தான் இருந்தன. கணுக்கால்வரை. விரலிடுக்கிலிருந்து நூல் நூலாய் எதுவோ பிரிந்து, தரைக்குக் கீழே தேடிப் போயிற்று. வலிக்கவில்லை.

“விடுங்கோ” என்றார். “அவ காத்துண்டிருக்கா.”

இன்னும் வந்தார்கள். இருட்டில், ஈரமாய், ஒருவர்மேல் ஒருவராய். பாரம் தாங்காமல் அவர் வளைந்தார். முறியவில்லை. இன்னும் பிடி கிடைக்காத கைகள் அவர் முகத்தைத் தடவித் தடவித் தேடின.